கிறிஸ்துமஸ் தொடர்வண்டி: 1225 எண் நீராவி எஞ்சினின் வரலாறு

கிறிஸ்துமஸ் தொடர்வண்டி என்பது நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும், குழந்தைகளுடன் வரும் குடும்பங்களுக்காக இயக்கப்படும் சிறப்புப் பயணி வண்டியாகும். அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளில் பழைய தடங்களைப் பராமரிக்கும் அமைப்புகள் பல இதனை ஆண்டுதோறும் நடத்துகின்றன. பெட்டிகளில் வண்ணவிளக்குகள் தொங்கும். குழந்தைகள் இரவு உடையிலேயே வந்து அமர்வார்கள். சூடான சாக்லேட் பானம் கிடைக்கும். வழியிலோ பயணத்தின் மறுமுனையிலோ கிறிஸ்துமஸ் தாத்தா வருவார். வண்டி புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பிவிடும். இதில் ஏறுபவர் யாருக்கும் போய்ச் சேரவேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது.

இந்தக் காட்சியைப் பார்ப்பவர்கள் இதனை நூற்றாண்டுப் பழமையான வழக்கம் என்றே எண்ணுவர். புகை கக்கும் எஞ்சினும் பித்தளை மணியும் அந்த எண்ணத்தைத் தருகின்றன. உண்மையில் எஞ்சின்தான் பழையது, வழக்கம் புதியது. நீராவி எஞ்சின்கள் அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்த காலத்தில், அதில் ஏறுவதற்காகவே எவரும் குடும்பத்தோடு கிளம்பியதில்லை. அவை மறைந்த பின்னரே அப்படி ஒரு தேவை பிறந்தது. இந்த மாற்றத்தை மிச்சிகன் மாநிலத்தில் இன்றும் ஓடக்கூடிய நிலையில் இருக்கும் ஒரே ஒரு எஞ்சினின் வரலாற்றைக் கொண்டே விளக்கிவிடலாம். அதன் எண் 1225.

ஊருக்குப் போகும் வண்டி

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸ் வண்டி என்றால் வீட்டுக்குப் போகும் வண்டி. இரண்டாம் உலகப்போரின்போது விடுப்பில் செல்லும் படைவீரர்களால் நிலையங்கள் நிரம்பி வழிந்தன. அவசியமில்லாத பயணங்களைத் தவிர்க்குமாறு அரசு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. கேளிக்கைக்காகக் குடும்பத்தோடு வண்டியேறுவது அந்நாளில் நாட்டுப்பற்றில்லாத செயலாகக்கூடக் கருதப்பட்டிருக்கும்.

அதே போர்க்காலத்தில்தான், 1943-இல், அப்பலாச்சிய மலைப்பகுதியில் 'சாண்டா வண்டி' தொடங்கியது. டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்போர்ட் நகர வணிகர்கள், தங்கள் கடைகளுக்கு வந்து பொருள் வாங்கும் நிலக்கரிச் சுரங்க ஊர்களின் மக்களுக்கு நன்றி தெரிவிக்க இதனை ஏற்பாடு செய்தனர். கென்டக்கியிலிருந்து வர்ஜீனியா வழியாகக் கிங்ஸ்போர்ட் வரை சுமார் 110 மைல் தொலைவு கிளின்ச்ஃபீல்ட் இருப்புப்பாதையில் இவ்வண்டி சென்றது. அதன் கடைசிப் பெட்டியின் பின்புற மேடையில் நின்றபடி கிறிஸ்துமஸ் தாத்தா பரிசுகளை வீசுவார். குழந்தைகள் தண்டவாள ஓரங்களில் காத்து நிற்பார்கள். இங்கே குடும்பங்கள் வண்டியில் ஏறவில்லை, வண்டிதான் அவர்களைத் தேடி வந்தது. கனடாவில் 1999-இல் கனடியன் பசிபிக் நிறுவனம் தொடங்கிய விடுமுறைக்கால வண்டியும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது ஊர் ஊராக நின்று உணவு வங்கிகளுக்குப் பொருளும் நிதியும் திரட்டுகிறது.

குழந்தைகள் ஏறிச் சுற்றும் கிறிஸ்துமஸ் வண்டிகளும் இருந்தன, ஆனால் அவை கடைகளுக்குள் ஓடின. ஃபிலடெல்ஃபியாவின் வானமேக்கர் பல்பொருள் அங்காடியில், பொம்மைப் பகுதியின் கூரையை ஒட்டித் தொங்கியபடி ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டி புகழ்பெற்றது. மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஹெர்போல்ஷைமர் என்ற அங்காடியிலும் இத்தகைய வண்டி ஒன்று குழந்தைகளைச் சுமந்து சுற்றியது. அந்த நகரில் பிறந்த ஒருவர் பின்னாளில் எழுதிய சிறுவர் நூல்தான் கதையின் போக்கை மாற்றியது.

சரக்கு இழுத்த எஞ்சின்

1225 எண் எஞ்சின், ஒஹையோ மாநிலம் லைமா நகரில் இருந்த லைமா எஞ்சின் தொழிற்சாலையில் 1941 அக்டோபரில் கட்டி முடிக்கப்பட்டது. அதை வாங்கிய நிறுவனம் பெர் மார்க்வெட் இருப்புப்பாதை. 17-ஆம் நூற்றாண்டில் பெரிய ஏரிகள் பகுதியில் பயணம் செய்த ஜாக் மார்க்வெட் என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியாரின் பெயர் அது. 'பெர்' என்பதற்குப் பிரெஞ்சு மொழியில் தந்தை என்று பொருள்.

முன்னால் 2, நடுவில் 8, பின்னால் 4 எனச் சக்கரங்கள் அமைந்த இவ்வகை எஞ்சின்களுக்குப் 'பெர்க்ஷயர்' என்று பெயர். லைமா நிறுவனம் 1925-இல் உருவாக்கிய முதல் மாதிரியை நியூ இங்கிலாந்தின் பெர்க்ஷயர் குன்றுகளில் ஓட்டிப் பார்த்ததால் வந்த பெயர் இது. பெரிய நெருப்புப் பெட்டியைப் பின்புற நான்கு சக்கரங்கள் தாங்கின. அதனால் கனமான சரக்கை வேகம் குறையாமல் இழுக்க முடிந்தது. பெர் மார்க்வெட் நிறுவனம் 1937 முதல் 1944 வரை மூன்று தொகுதிகளாக 39 பெர்க்ஷயர்களை வாங்கியது. அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று 1225. மற்றது மிச்சிகனின் கிராண்ட் ஹேவன் நகரில் காட்சிக்கு நிற்கும் 1223.

டெண்டர் எனப்படும் பின்வண்டியோடு சேர்த்து 1225-இன் நீளம் 101 அடி, எடை ஏறக்குறைய 400 டன். டெண்டரில் 22 டன் நிலக்கரியும் 22,000 கேலன் தண்ணீரும் கொள்ளும். முழுச் சுமையோடு ஓடும்போது 12 மைலுக்கு ஒரு டன் நிலக்கரி எரியும். ஒவ்வொரு மைலுக்கும் 150 கேலன் தண்ணீர், அதாவது 560 லிட்டருக்கு மேல், ஆவியாகிப் போகும். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் இதை ஓட்டுவது ஏன் அவ்வளவு பெரிய சிக்கலானது என்பது விளங்கும்.

போர் ஆண்டுகளில் 1225 மிச்சிகனின் தொழில்நகரங்களுக்கும் சிகாகோவுக்கும் இடையே சரக்கு இழுத்தது. இன்று உலகின் மிகப் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் வண்டியோடு சேர்த்துப் பேசப்படும் இந்த எஞ்சின் பயணிகளுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. 1947-இல் பெர் மார்க்வெட் நிறுவனம் செசபீக் அண்ட் ஒஹையோ நிறுவனத்தோடு இணைந்தது. அதற்குள் டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன. 1951-இல், கட்டப்பட்டுப் பத்தே ஆண்டுகளில், 1225 ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. மிச்சிகன் ஏரியின் தென்கிழக்குக் கரையிலுள்ள நியூ பஃபலோ பணிமனையில், பழைய இரும்பாக உடைக்கப்படக் காத்திருந்த எஞ்சின்களின் வரிசையில் அது நின்றது.

வளாகத்தில் நின்ற இரும்பு

1957-இல் அது தப்பியது. செசபீக் அண்ட் ஒஹையோவின் தலைவர் சைரஸ் ஈட்டன், எஞ்சின்கள் அனைத்தையும் உடைத்துவிட விரும்பவில்லை. ஆனால் அவற்றை ஏற்றுக்கொள்ளும் இடங்களும் அதிகம் இல்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அறங்காவலர்களில் ஒருவரான ஃபாரஸ்ட் ஏக்கர்ஸிடம், பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிக்க ஓர் எஞ்சின் வேண்டுமா என்று அவர் கேட்டார். பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஹன்னா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகுதான் பொறியியல் கல்லூரி முதல்வரிடம் செய்தி சொல்லப்பட்டது. காலாவதியான எஞ்சின் எங்களுக்கு எதற்கு என்பது அவருடைய நிலை. முடிவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் இயக்குநர் ரோலின் பேக்கரின் பொறுப்பில் அது விடப்பட்டது. அவர் விலங்கியல் அறிஞர்.

எந்த எஞ்சினை அனுப்புவது என்பதை நியூ பஃபலோ பணிமனையினரே முடிவு செய்தனர். அமெரிக்கர்கள் நாளை எழுதும்போது மாதத்தை முன்னால் எழுதுவார்கள், எனவே அவர்கள் கண்ணுக்கு 12/25 என்பது டிசம்பர் 25. ஆனால் இந்தப் பொருத்தம் தற்செயலானதுதான். 1223 வந்திருந்தால் டிசம்பர் 23 என்று சொல்லி எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

கிழக்கு லான்சிங் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில், ஸ்பார்ட்டன் கால்பந்து அரங்கின் அருகே 1225 நிறுத்தப்பட்டது. ஆட்டம் பார்க்க வரும் குடும்பங்கள் அதனைக் கடந்தே சென்றன. அவ்வாறு தந்தையோடு வந்த சிறுவர்களில் ஒருவர் 1949-இல் பிறந்த கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க். அசையாமல் நின்ற அந்தக் கரிய எஞ்சினே தம் கதைக்கு உந்துதலாக இருந்தது என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

மாணவர்களின் பிடிவாதம்

1969-இல் அப்பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இருப்புப்பாதை மன்றம் ஒன்றைத் தொடங்கினர். காட்சிப் பொருளாக நின்ற 1225-ஐ மறுபடி ஓடவைத்து, கால்பந்து ஆட்டங்களுக்குச் சிறப்பு வண்டி விடவேண்டும் என்பது அவர்கள் கனவு. கையில் பணம் இல்லை, பழுதுபார்க்கப் பணிமனையும் இல்லை. திறந்த வெளியில் பனியிலும் மழையிலும் வேலை நடந்தது. படிப்பு முடிந்து போனவர்கள் வார இறுதிகளில் திரும்பி வந்து குழாய்களைச் சுத்தம் செய்தார்கள்.

பல்கலைக்கழகத்தின் ஆர்வம் காலப்போக்கில் குறைந்தது. எஞ்சினின் பொறுப்பு தனி அறக்கட்டளை ஒன்றிடம் சென்றது. 1983-இல் 1225, வடகிழக்கே உள்ள ஓவாசோ என்ற சிறு நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அங்கே ஆன் ஆர்பர் இருப்புப்பாதை நிறுவனத்தின் பழைய பணிமனை வளாகம் இருந்தது. 1985-இல் அது தன் சொந்த நீராவியில் நகர்ந்தது. 1988-இல் பயணிகளோடு ஓடியது. ஒரு மாணவர் மன்றத்தின் ஆசை நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1994-இல் அந்த எஞ்சின் அமெரிக்க வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இப்போது அதனைப் பராமரிக்கும் அமைப்பு நீராவி இருப்புப்பாதைக் கழகம் என்ற பெயரில் ஓவாசோவில் இயங்குகிறது.

நூலும் படமும்

1225 நகர்ந்த அதே 1985-இல் வான் ஆல்ஸ்பர்க்கின் 'போலார் எக்ஸ்பிரஸ்' படநூல் வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்கச் சிறுவர் படநூல்களுக்கான கால்டெகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஒரு சிறுவனின் வீட்டு வாசலில் நீராவி வண்டி வந்து நிற்கிறது. இரவு உடையணிந்த குழந்தைகளோடு அவனும் வடதுருவம் செல்கிறான். முதல் பரிசாக அவன் கேட்டுப் பெறுவது சறுக்குவண்டியின் வெள்ளி மணி ஒன்று. அதன் ஓசை அவனுக்கும் தங்கைக்கும் கேட்கிறது, பெற்றோருக்குக் கேட்பதில்லை.

இந்தக் கதையில் பெற்றோர் வண்டியில் ஏறுவதே இல்லை. அவர்கள் வீட்டில் தூங்குகிறார்கள். ஆனால் கதையைப் படித்துக்காட்டியவர்கள் பெற்றோர்கள், அதனை நடித்துப் பார்க்கும் வண்டிக்குச் சீட்டு வாங்கியவர்களும் அவர்களே. நூலில் குழந்தைகள் மட்டும் சென்ற பயணம், தண்டவாளத்துக்கு வந்தபோது குடும்பப் பயணமாயிற்று. பெற்றோர் தலைமுறையும் நீராவி வண்டியை நேரில் அறியாததாக இருந்தது இதற்கு முக்கியக் காரணம் எனலாம். குழந்தைக்குக் காட்டப் போனவர்கள் தாங்களும் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

2004-இல் ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கத்தில், டாம் ஹாங்க்ஸ் நடித்த திரைப்படம் வெளியானது. நடிகர்களின் உடலசைவுகளைப் பதிவுசெய்து கணினி வழியே உருவாக்கப்பட்ட படம் அது. அதில் வரும் எஞ்சினுக்கு 1225-இன் வரைபடங்கள் அடிப்படையாயின. அது ஓடும்போது எழும் ஓசைகளும் ஓவாசோ எஞ்சினிலிருந்து பதிவு செய்யப்பட்டன. ஹெர்போல்ஷைமர் அங்காடியும் படத்தில் ஒரு காட்சியில் வருகிறது.

படத்துக்குப் பின் கிறிஸ்துமஸ் வண்டிகளுக்குக் கூட்டம் பெருகியது. 'போலார் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் வண்டி விடுவதற்கு உரிமம் பெறவேண்டும். உரிமம் பெற்ற தடங்களில் நூல் வாசிக்கப்படும், சமையற்காரர் உடையில் வருபவர்கள் சாக்லேட் பானம் தருவார்கள், குழந்தைகளுக்கு மணி வழங்கப்படும். கிராண்ட் கேன்யன் இருப்புப்பாதை உள்ளிட்ட பல அமைப்புகள் இவ்வாறு நடத்துகின்றன. கதைக்குக் காரணமான எஞ்சின் இழுக்கும் வண்டியின் பெயரோ 'நார்த் போல் எக்ஸ்பிரஸ்'.

ஓவாசோவிலிருந்து ஆஷ்லிக்கு

இந்த வண்டி ஓவாசோவிலிருந்து வடமேற்கே ஆஷ்லி என்ற சிற்றூர் வரை செல்கிறது. தொலைவு 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இருபுறமும் அறுவடை முடிந்த சமவெளி வயல்கள், இடையிடையே பண்ணை வீடுகள். ஆஷ்லியின் மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. முன்பு ஆன் ஆர்பர் நிறுவனத்தின் பயணி வண்டிகள் இவ்வழியே சென்றன, 1950 வாக்கில் அவை நின்றுபோயின. ஊரை விட்டு நீங்கிய பயணி வண்டி, ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் வடதுருவத்தின் பெயரில் திரும்பி வருகிறது.

வண்டி வரும் நாட்களில் ஆஷ்லியே வடதுருவமாகிறது. பயணிகள் இறங்கி ஊர்க்காரர்கள் நடத்தும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் கலந்துகொண்டு மறுபடி ஏறுகிறார்கள். சிறிய ஊருக்கு இதனால் வருமானமும் உண்டு. குழந்தைகளின் கவனம் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மீது இருக்க, எஞ்சினருகே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களில் பெரும்பகுதி தந்தையரும் தாத்தாக்களும்தான் என்பதை இத்தகைய எந்தத் தடத்திலும் காணலாம்.

பிரிட்டனில் இந்த வழக்கம் தனியாகவே வளர்ந்தது. வேல்ஸின் டாலிலின் இருப்புப்பாதையை 1951-இல் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கியது முதல், கைவிடப்பட்ட தடங்களை மீட்பது அங்கே ஓர் இயக்கமானது. 1968 ஆகஸ்டில் நாட்டின் முதன்மைத் தடங்களில் நீராவி ஓட்டம் முடிவுக்கு வந்ததும் அது வலுப்பெற்றது. கோடையில் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், குளிர்காலத்தில் பெட்டிகள் காலியாக நிற்கும். அந்த இடைவெளியை நிரப்பியது 'சாண்டா ஸ்பெஷல்'. குழந்தைக்குப் பரிசும் பெரியவர்களுக்கு உலர்பழம் வைத்த சிறு பலகாரமும் ஷெர்ரியும் தருவது அங்கே வழக்கம். பல தடங்களுக்கு ஆண்டு வருமானத்தில் டிசம்பரின் பங்கு மிகப் பெரியது.

கொதிகலனும் பயணச்சீட்டும்

நீராவி எஞ்சினைச் சாவியைத் திருப்பி ஓட்டிவிட முடியாது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனை மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உலோகம் சீரின்றி விரிந்து பழுதாகும். காலை வண்டிக்கு முந்தைய நாளிலிருந்தே யாராவது நெருப்பருகில் விழித்திருக்க வேண்டும். ஓட்டம் முடிந்தபின் சாம்பல் அள்ளுவது தனி வேலை.

ஆபத்தும் உண்டு. 1995 ஜூனில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் அருகே சுற்றுலா வண்டி ஒன்றை இழுத்துச் சென்ற நீராவி எஞ்சினில், நெருப்புப் பெட்டியின் மேல்தகடு சிதைந்து கொதிநீராவி ஓட்டுநர் அறைக்குள் பாய்ந்தது. அங்கிருந்த மூவர் தீக்காயமடைந்தனர். கொதிகலனில் நீர்மட்டம் குறைந்துபோனதே காரணம். நீராவிக் காலத்தின் அறிவு அதை அறிந்தவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது என்பதை அந்த விபத்து உணர்த்தியது. இதையடுத்து அமெரிக்கக் கூட்டாட்சி இருப்புப்பாதை நிர்வாகம் தன் விதிகளைத் திருத்தியமைத்தது. 2000-இல் நடைமுறைக்கு வந்த அவ்விதிகளின்படி, ஒரு நீராவி எஞ்சின் 1,472 நாட்கள் பணி செய்த பிறகோ 15 ஆண்டுகள் கழிந்த பிறகோ, எது முதலில் வருகிறதோ அப்போது, கொதிகலனை முழுவதும் பிரித்துச் சோதிக்க வேண்டும். குழாய்களைக் கழற்றி, தகடுகளின் தடிமனை அங்குலம் அங்குலமாக அளந்து, தேய்ந்த பகுதிகளை மாற்றிய பின்னரே மறுபடி நெருப்பு மூட்ட அனுமதி கிடைக்கும்.

இவ்வளவு செலவையும் உழைப்பையும் நாடு முழுவதும் உள்ள எஞ்சின் ஆர்வலர்களின் நன்கொடை மட்டும் தாங்காது. எஞ்சினைப் பற்றி ஒன்றும் அறியாத, அறிந்துகொள்ள விரும்பாத குடும்பங்கள்தான் தாங்குகின்றன. கிறிஸ்துமஸ் வண்டி வரலாற்றைப் பொம்மையாக்குகிறது என்று குறைசொல்லும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். சரக்கு இழுத்த எஞ்சினுக்கு விளக்கு மாலை சூட்டுவது அவர்களுக்கு உறுத்துகிறது. குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 39 பெர்க்ஷயர்களில் தப்பிய இரண்டில், கிராண்ட் ஹேவனில் நிற்கும் 1223 கண்ணியமாகக் காட்சியளித்தபடி குளிர்ந்தே இருக்கிறது. நெருப்பு எரிவது 1225-இல்தான்.

அந்த நெருப்பும் 2009-க்குப் பிறகு சில ஆண்டுகள் அணைந்திருந்தது. விதிப்படியான சோதனைக்காக எஞ்சின் பிரிக்கப்பட்டு, ஓவாசோ பணிமனையில் பெரும்பாலும் தன்னார்வலர்களின் கைகளால் சீரமைக்கப்பட்டு, 2013-இன் பிற்பகுதியில் மீண்டும் தண்டவாளத்துக்கு வந்தது. அன்று தொடங்கிய 15 ஆண்டுக் கணக்கு 2028-இல் முடிகிறது. அப்போது கொதிகலன் மறுபடியும் பிரிக்கப்பட வேண்டும்.